தண்ணீர் ஊற்றாத பத்து நாள்

'நீயும் அழுகிடாதே. நீ ஒண்ணுதான் பாக்கி.'

ஃபைஸா இதைத் தன் கற்றாழைக் கன்றிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் உபைத் அண்ணன் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

கமலவேணி டீச்சர் ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கு இரண்டு கற்றாழைக் கன்றுகள் கொடுத்திருந்தார். தாய்ச்செடியின் பக்கத்தில் முளைத்தவற்றை வெட்டி எடுத்தவை. யாருடைய கன்று பிழைக்கிறதோ, அது பள்ளிக்கூட வாசலில் நிற்கும். வளர்த்தவர் பிரேயரில் பேசலாம்.

ஃபைஸா இரண்டையும் அன்றே பால்பவுடர் டப்பாவில் நட்டாள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். ஐந்தாம் நாள் ஒன்று கொழகொழவென்று அழுகிவிட்டது. மற்றதன் அடியும் இளகத் தொடங்கியிருந்தது.

அன்று மாலை அத்தா துபாயிலிருந்து கூப்பிடுவார். வைரக்கண்ணுவின் டெலிபோன் பூத்தில் காத்திருந்தபோது ஃபைஸா நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் ஒரு கற்றாழை தலைகீழாகத் தொங்கியது.

"மாமா, இதுக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

"யாரும் ஊத்தலம்மா. கண்ணு படாம இருக்கப் பொங்கலுக்குக் கட்டுனது. இப்ப ஆடி வந்துட்டுது. இன்னும் இலை வுடுது பாரு!"

"மண்ணு கூட இல்லாமலா?"

"மண்ணு எங்க இருக்கு? காத்துதான்."

அத்தாவிடம் பேசி முடித்ததும் ஃபைஸா வீட்டுக்கு ஓடினாள். கன்றைப் பிடுங்கினாள். அதை அம்மாவிடம் கொடுத்து இளகிய இடத்தை வெட்டச் சொன்னாள். பிறகு நூலில் கட்டி, சமையலறை ஜன்னல் நிழலில் தொங்கவிட்டாள்.

"என்ன ஃபைஸா, கருவாடா காயப்போடுறே?" என்றான் உபைத்.

வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டியது. இலைகள் சுருங்கின. அவை சுருங்கச் சுருங்க அவள் கை தானாகத் தண்ணீர்ச் செம்பிடம் போகும். உடனே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

பத்து நாள் அப்படிப் போயிற்று. பிறகு மணல் கலந்த மண்ணில் நட்டாள். வாரத்துக்கு ஒரு கை தண்ணீர், அவ்வளவுதான். அடுத்த மாதம் கன்றின் நடுவில் நகம் அளவுக்கு ஒரு புது இலை எட்டிப் பார்த்தது!

பள்ளிக்கூடத்துக்கு மற்றவர்கள் கொண்டுவந்த டப்பாக்களில் எல்லாம் ஈரமண் மட்டுமே இருந்தது.

"நீதான்டி ஜெயிச்சே!" டீச்சர் ஒரு தாளை நீட்டினார். "நாளைக்குப் பிரேயர்ல இதை அப்புடியே வாசிச்சிடு."

'தினமும் தவறாமல் நீர் ஊற்றி இச்செடியை வளர்த்தேன்' என்று தொடங்கியது தாள்.

ஃபைஸா புது இலையைப் பார்த்தாள். தாளை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"இதை வாசிக்க மாட்டேன் டீச்சர்," என்றாள் மெதுவாக. "பத்து நாளு நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. அதனாலதான் பொழச்சுது."