வயிற்றெரிச்சல் ஒப்பந்தம்

காலை ஏழேகாலுக்கு நகரத்தின் புரை எண்கள் வெளியாகும். நவநீதன் பல் துலக்காமல்கூட இருந்துவிடுவான், அதைப் பார்க்காமல் இருக்கமாட்டான். அன்று செவ்வாய்க்கிழமை. திருப்பூர் பட்டன் வியாபாரிகள் பட்டியலில் பிரகதீஷ் 4,112. இரண்டாவதாக நவநீதன் 612.

"நேத்தைவிட எண்பது கூட!" என்று கத்தினான். "அந்த மூஞ்சிக்கு நாலாயிரத்திச் சொச்சமாம்!"

"ஏனுங்க, காபி ஆறிப் போச்சு" என்றாள் மனைவி சுபிக்ஷா. "அவரு மூஞ்சிய அப்புறமேட்டுப் பாத்துக்கலாம், இதைக் குடிங்க."

எப்படிக் குடிப்பான் மனுஷன்? தொண்டை வரைக்கும் பிரகதீஷ் அல்லவா நிறைந்திருக்கிறான்!

முன்பெல்லாம் சாப்பிடும்போது புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவார்கள். நினைவுமானி வந்த பிறகு அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. காது மடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பொட்டளவு வில்லை அது. நமக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் நம் மூளையில் தனித் தடம் ஒன்று உண்டு. அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தடம் மினுங்கும். வில்லை அதை எண்ணி, நினைக்கப்பட்டவரின் பேரில் சேர்த்துவிடும். நினைத்தவர் யார் என்பது மட்டும் சட்டப்படி ரகசியம். ஊரார் எல்லாரும் ஒருவரை ஒரு நாளில் நினைத்த தடவைகளின் மொத்தம்தான் அவருடைய புரை எண்.

விளையாட்டாக வந்த சாமான், பத்தே வருஷத்தில் வியாபாரத்தின் மென்னியைப் பிடித்துக்கொண்டது. பட்டன் என்பது யார் செய்தாலும் நாலு ஓட்டை உள்ள வட்டம். ஆகவே ஆர்டர் யாருக்கு? வாங்குகிறவன் ஞாபகத்தில் இருப்பவனுக்கு. நாலு பேர் நினைக்கிற ஆள் நம்பகமான ஆளாகத்தான் இருப்பான் என்று ஏற்றுமதிக் கம்பெனிகள் முடிவுகட்டிவிட்டன.

அந்த நாலு பேர் மனசில் இடம்பிடிக்க நவநீதன் படாத பாடில்லை. வாடிக்கையாளர் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று ஒன்றையும் விடமாட்டான். ஒரு கம்பெனி மேனேஜருக்கு மூலம் அறுவை நடந்தபோது மூன்று நாள் இளநீர் கொண்டுபோய்க் கொடுத்தவன். பிரகதீஷ் என்ன செய்கிறான்? யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. மயில் கழுத்து நிறத்தில் ஒரு காரை வாங்கி, நாளைக்கு இரண்டு தடவை ஊருக்குள் சுற்றி வருகிறான். அவ்வளவுதான்! நாற்பத்தாறு வயதில் அவனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை என்பது வேறு நவநீதனை அறுத்தது.

வெள்ளிக்கிழமைதான் கண்டம். ஐரோப்பியச் சட்டைக் கம்பெனி ஒன்று, ஐந்து வருஷத்துக்கு ஒரே பட்டன்காரரைத் தேர்ந்தெடுக்கப்போகிறது. அன்றைய புரை எண்ணில் யார் முதலோ அவருக்கு. அது கிடைக்காவிட்டால் நவநீதன் தன் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். நாற்பத்து மூன்று பேர் அதை நம்பி இருக்கிறார்கள்.

"கள்ள எண்ணுங்க அது! நான் எழுதியே கொடுக்கறேன்" என்று அந்தச் செவ்வாய்க்கிழமையே நினைவுமானி சேவை மையத்தில் போய்ச் சண்டை பிடித்தான்.

அங்கே இருந்த அதிகாரி அஸ்மா பொறுமைசாலி. பிரகதீஷின் எண்ணைச் சோதித்துப் பார்த்தார்.

"சுத்தமா இருக்குதுங்க. யார் நினைச்சாங்கன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க யார நினைச்சீங்கன்னு உங்களுக்குக் காட்டலாம். பாக்கறீங்களா?"

திரையில் நவநீதனின் நேற்றைய நாள் விரிந்தது. மனைவி பதினொன்று. மகள் ஒன்பது. பெரிய வாடிக்கையாளர் ஆறு. பிரகதீஷ் முந்நூற்று நாற்பது.

நவநீதனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "ஏம்மா, அது வயித்தெரிச்சலுங்க! அதையுமா சேத்துவீங்க?"

"வில்லைக்கு அது தெரியாதுங்க. நினைப்புன்னா நினைப்புதான்."

"அப்ப நான் ஓடி ஓடி நல்லது செஞ்சவங்க?"

"ஒழுங்காத் தைச்ச பட்டன யாருங்க நினைக்கிறாங்க? அறுந்தாத்தானே ஞாபகம் வரும்" என்றார் அஸ்மா. கேலியாகச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொன்னார்.

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். தன் வயிறு எரிந்து எரிந்து அவனுக்கு அல்லவா சோறு வெந்திருக்கிறது! தான் ஒருவனே முந்நூற்று நாற்பது என்றால், ஊரிலுள்ள மற்ற பட்டன்காரர்கள்? அவர்கள் மட்டும் என்ன, பிரகதீஷுக்குப் பல்லாண்டு பாடிக்கொண்டா இருக்கிறார்கள்?

புதன்கிழமை சங்கக் கட்டடத்தில் ஏழு பேரைக் கூட்டினான். எல்லாரும் பிரகதீஷைப் பார்த்துப் புகைகிறவர்கள். அதில் தலைசிறந்தவன் லோகேஷ். சின்னப் பட்டறைக்காரன், பிரகதீஷின் கார் ஹாரன் கேட்டாலே அவனுக்கு ஏப்பம் வரும்.

"கேளுங்கப்பா" என்றான் நவநீதன். "வெள்ளிக்கிழமை காலைல வர்றது நாளைக்குண்டான எண்ணு. அதனால நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவன யாரும் நினைக்கக் கூடாது. நம்ம எரிச்சல் நின்னா அவன் எண்ணு படுத்துக்கும்."

"அவ்வளவுதானுங்களா? இது ஒரு பெரிய காரியமுங்களாண்ணா?" என்றான் லோகேஷ்.

சூடம் கொளுத்திச் சத்தியம் செய்தார்கள்.

வியாழக்கிழமை நடந்த கூத்தை என்ன சொல்ல! காலை எழுந்ததும் நவநீதன், பிரகதீஷை நினைக்கக் கூடாது என்று நினைத்தான். அது ஒன்று. ஐயோ, இப்போது நினைத்துவிட்டோமே என்று பதறினான். அது இரண்டு. சரி, காரைப் பற்றி நினைக்கலாம் என்றால், அவன் கண்ட கார் ஒன்றே ஒன்றுதான். எட்டு மணிக்கு லோகேஷ் போன் பண்ணினான். "அண்ணா, நான் இன்னும் அவன நினைக்கலீங்ணா!" ஒன்பது மணிக்கு இன்னொருவன், "நீங்க நினைச்சீங்களா?" என்று கேட்டான். பத்து மணிக்கு ஏழு பேரும் ஒருவரையொருவர் மாற்றி மாற்றி அழைத்து, பிரகதீஷை யார் யார் நினைக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டிருந்தார்கள். சாயங்காலம் வரை இதே பஜனைதான்.

வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பிரகதீஷ் 9,870.

மக்கள் மனதில் இத்தனை ஆழமாகப் பதிந்தவரோடு தொழில் செய்வதில் பெருமை கொள்வதாக அந்தச் சட்டைக் கம்பெனி அறிவித்தது. நவநீதன் அன்று பட்டறைக்குப் போகவில்லை. நாற்பத்து மூன்று முகங்களைப் பார்க்கத் தைரியமில்லை. அதிலும், அந்த நேரத்திலும், அவன் மனக்கண்ணில் வந்து நின்றது பிரகதீஷ் சிரிக்கிற முகம்தான். கேவலம் என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

சனிக்கிழமை பட்டறை வாசலில் மயில் கழுத்து நிறக் கார் வந்து நின்றது. பிரகதீஷேதான்.

"நல்லா இருக்கீங்ளாண்ணா?" என்று உள்ளே வந்து, கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வேடிக்கை பாக்க வந்தியா?"

"கோவிச்சுக்காதீங்க. நானும் மொதல்ல உங்களாட்டத்தாண்ணா. ரெண்டு வருஷம் பொறந்தநாளுக்கு போன் பண்ணி, பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து ஓடுனேன். புரை முப்பதத் தாண்டலை. ஒரு நாள் கடன வாங்கி இந்தக் காரை எடுத்தேன். அன்னைக்கே ஐநூறு! அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சொல்லுவாங்களே, அதெல்லாம் அந்தக் காலம். என் வீட்டு வாசல்ல திருஷ்டி பொம்மைகூடக் கட்டறதில்லைங்ணா. ஒரு கண்ணும் வீணாப் போயிரக் கூடாது பாருங்க."

நவநீதன் வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தான்.

"இத்தனை பட்டன் என்னால தனியாப் போட முடியாது. பாதி ஆர்டர நீங்க எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. கம்பெனிக்காரங்க மாசா மாசம் என் எண்ணப் பாப்பாங்க. நாலாயிரத்துக்குக் கீழ போனா ஆர்டரு கை மாறிரும். அதனால, தயவுசெஞ்சு வயிறெரியறத மட்டும் நிறுத்திராதீங்க. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. மாசா மாசம் சேவை மையத்துல உங்க பட்டியல வாங்கி எனக்குக் காட்டிருங்க. அதை ஒப்பந்தத்துலயே போட்டுக்கலாம்."

அடிக்கக் கை ஓங்கியிருப்பான் நவநீதன். அதற்குள் உள்ளே பட்டன் துளையிடும் யந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. நாற்பத்து மூன்று பேர். கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் சொன்னதும் சுபிக்ஷா விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கு இது கைவந்த கலையாச்சே! படுத்துட்டே சம்பாரிக்கலாம்."

அப்படித்தான் அவனும் நினைத்தான். ஆனால் மனசு என்பது கூலிக்கு எரிகிற அடுப்பா? பாதி ஆர்டர் வந்தது. பட்டறை இரண்டு ஷிப்டு ஓடியது. வயிறு நிறைந்ததும் அந்தப் பழைய எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. முதல் மாதப் பட்டியலில் நாளொன்றுக்கு இருநூற்றுத் தொண்ணூறு. இரண்டாம் மாதம் நூற்று நாற்பது. பிரகதீஷின் வீட்டுப் படத்தைப் பெரிதாக்கி மேஜைக்கு எதிரே மாட்டிப் பார்த்தான். 'பாவம், இத்தனை பெரிய வீட்டில் தனியாக இருக்கிறானே' என்று தோன்றியது. பதறிப்போய்ப் படத்தைக் கழற்றினான்.

இவனைச் சூடேற்றவென்றே பிரகதீஷ் அவினாசிப் பக்கம் ஒரு பண்ணை வீடு வாங்கி, நீச்சல் குளத்தில் மிதந்தபடி போன் பண்ணினான். "பாத்தீங்ளாண்ணா? எப்படி இருக்குது?"

"ரொம்ப சந்தோஷம் தம்பி. நீ நல்லா இருக்கோணும்" என்றான் நவநீதன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். வாழ்த்து மனசார வந்துவிட்டது.

மூன்றாம் மாதம் பிரகதீஷ் நேரில் வந்தான். "மன்னிச்சுக்குங்கண்ணா. உங்ககிட்ட இருந்து வெறும் அறுவதுதான் வருது. லோகேஷ் ஐநூறு தர்றாரு. அவரு வீட்டுல பொண்டாட்டி, மச்சினன்னு எல்லாருமா சேந்து எரியறாங்க. பாதி ஆர்டர அவருக்கு மாத்திட்டேன்."

"லோகேஷா?" என்று எழுந்தே விட்டான் நவநீதன். "அந்தப் பொடிப் பயலுக்கு என்னடா தெரியும் பொறாமையப் பத்தி? நான் எட்டு வருஷமா எரிஞ்சவன்டா!"

பற்றிக்கொண்டது வயிறு. ஆனால் இந்தத் தடவை அது எரிந்தது லோகேஷைப் பார்த்து. 'அவனுக்கா? நேற்று வந்தவனுக்கா?' சங்கத்தில் மீதி ஆறு பேருக்கும் இதே கேள்விதான். பிரகதீஷ் எப்போதும் உயரத்தில் இருந்தவன். லோகேஷ் நம்மோடு சூடம் கொளுத்தியவன் ஆயிற்றே! பக்கத்து இலையில் பாயசம் விழுந்தால் வருகிற எரிச்சல், பந்திக்கு அந்தப் பக்கம் விழுந்தால் வருமா? ஊரின் கண் முழுக்க லோகேஷ் பக்கம் திரும்பியது. நாலே வாரத்தில் லோகேஷ் 6,300. பிரகதீஷ் 2,950. சட்டைக் கம்பெனி முழு ஆர்டரையும் லோகேஷுக்குக் கொடுத்துவிட்டு, வழக்கமான பெருமையைத் தெரிவித்துக்கொண்டது.

நவநீதனின் பட்டறை அடைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. வேலை எப்போது என்று தினமும் யாராவது ஒருவர் வந்து கேட்டுப் போனார்கள். மானம் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, திங்கள்கிழமை காலை லோகேஷின் புது அலுவலகத்துக்குப் போனான். வரவேற்பறையில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். பிரகதீஷ். காரை விற்றுவிட்டு பஸ்ஸில் வந்திருந்தான். இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஆர்டர்ல கால் பங்கு வெளிய கொடுக்கற மாதிரி இருக்குதுங்க. ஒருத்தருக்குத்தான்" என்றான் லோகேஷ், சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி. "தினம் எத்தனை தடவை என்னை நினைப்பீங்க?"

"அறுநூறு" என்றான் நவநீதன். பொய்யில்லை. சேவை மையத்தில் தன் பட்டியலை வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தான்: நேற்று லோகேஷ் அறுநூற்றுப் பதினாறு, பிரகதீஷ் மூன்று.

பிரகதீஷ் தன் காகிதத்தை மெதுவாக மேஜை மேல் வைத்தான். "எனக்குத் தொள்ளாயிரத்தி நாப்பதுங்க."

லோகேஷின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! அப்ப ஒரு வாரம் ரெண்டு பேரும் நினைங்க. அடுத்த திங்கக்கிழமை பட்டியல் பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

நவநீதன் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. தொள்ளாயிரத்தி நாப்பதா? பொறாமையிலுமா இவன் என்னை மிஞ்ச வேண்டும்? எல்லாவற்றையும் இழந்து பஸ்ஸில் வந்தவன், அப்போதும் முதலிடத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்! அதுவும் அந்தத் தலையில் இன்னும் ஒரு நரை இல்லையே!

ஒரு வாரம் அவன் உண்ணவில்லை, உறங்கவில்லை. திங்கள்கிழமை காலையில், சேவை மையத்திலிருந்து வந்த அவனுடைய முந்தின நாள் நினைப்புப் பட்டியலைச் சுபிக்ஷாதான் திறந்து பார்த்தாள்.

"எத்தனை?" என்றான் நவநீதன்.

"லோகேஷ் பதினெட்டுங்க" என்றாள் சுபிக்ஷா. "பிரகதீஷ் ஆயிரத்தி நூறு."