இடப்பக்கக் கைப்பிடி

கைப்பிடி இடப்பக்கம் திரும்பியிருந்தது.

பெரியவர் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார். இழைக்கும் மெஷினின் பின்மேசையை இறுக்குகிற அந்தக் கறுப்புக் கைப்பிடியை, நேற்று பொழுது சாயும்போது தன் வலக்கைக்கு வாகாகத் திருப்பி, இறுக்கி, தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினார். சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. இப்போது கைப்பிடி, இடக்கைக்காரன் ஒருவன் எட்டிப் பிடிக்கத் தோதாக, எதிர்ப்புறம் நீட்டிக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் மரத்தூள் மணத்துக்கு அடியில் வலித்தைலத்தின் நெடி மெல்லியதாகக் கிடந்தது.

அந்தக் குடும்பத்தில் இடக்கைக்காரன் ஒருவன்தான். தம்பி. ஊரும் உறவும் சின்னவர் என்று கூப்பிட்ட அந்த மனிதர், போன மழைக்காலத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மெஷின் அவருடையது. ஒரே உடம்பு, ஒரே மோட்டார். நெம்புகோலைத் தள்ளுகிற பக்கத்துக்கு ஏற்ப அறுக்கும், இழைக்கும், துளை போடும். சின்னவர் மனைவி அதை விற்கப் பார்த்தபோது பெரியவர்தான் குறுக்கே நின்றார். நம் வீட்டுப் பொருள் கண்டவன் கைக்குப் போகக் கூடாது, குடும்பத்துக்கு அது அழகில்லை என்றார். தம்பிமேல் எவ்வளவு பாசம் என்று உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவருக்கு வயிறு எரிந்ததை யாரும் பார்த்ததில்லை.

தொழில் கற்றுக்கொடுத்தது அவர். பெயர் வாங்கியது தம்பி. வேலை கொடுக்க வருகிறவர்கள் அவரிடம் நலம் விசாரித்துவிட்டு, சின்னவர் எங்கே என்று கேட்பார்கள். பெரியவர் மனைவிகூட, டீ கொண்டுவரும்போது கணவர் டம்ளரைக் கையில் கொடுப்பாள். கொழுந்தன் டம்ளரை மரியாதையாகச் சன்னல் திட்டில் வைப்பாள். அந்த டம்ளரில் சர்க்கரை குறைவாக இருக்கும். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று அவள் எப்போது தெரிந்துகொண்டாள்? இளவயதில் ரம்பம் பாய்ந்து, இடக்கை மோதிரவிரல் முதல் கணுவோடு நின்றுபோனவன். மழைநாளில் அது குடைந்தால் வலித்தைலம் தேய்த்துக்கொள்வான். அந்தக் குறைக்கையை வைத்துக்கொண்டு அவன் இழைத்த பலகையில் முகம் பார்க்கலாம் என்பார்கள்.

மகள் புது வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை வேண்டும் என்று சித்தப்பாவிடம்தான் சொல்லி வைத்திருந்தாள். பலகை வாங்கிப் போட்ட கையோடு அவர் போய்விட்டார். கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது பெரியவர் முதுகு இன்னும் நிமிர்ந்தது. நான் இருக்கும்போது என் மகள் வீட்டில் கடை மேசையா? அதை அவர் முடித்தாக வேண்டும். அப்பா செய்தது என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

மெஷின்தான் ஒத்துழைக்கவில்லை. பலகை கத்தியைத் தாண்டிப் போகும்போது அதன் வால்பக்கம் மட்டும் சட்டென்று இறங்கிக் குழி விழுந்தது. எந்தப் பலகையைத் தள்ளினாலும் அதே குழி. கத்தியைத் தாண்டிய பலகையைத் தாங்குகிற பின்மேசை, கத்தியைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். நேரான குச்சி ஒன்றைப் பின்மேசையில் வைத்து, கத்தி உருளையைக் கையால் சுழற்றி, கத்தி குச்சியை உரசியும் உரசாமலும் போகும்வரை மேசையை ஏற்றுவான் தம்பி. குச்சி வைத்துப் பார்ப்பது கற்றுக்குட்டி வேலை என்பது பெரியவர் கொள்கை. விரல் நுனியே அவருக்கு மட்டக்கோல். அந்த விரல் நுனி வயதாகி மரத்துப்போனதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று குச்சியை எடுத்தார். பின்மேசையில் வைத்தார். உருளையைச் சுழற்றினார். கத்தி, தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோல, குச்சியைத் தொட்டுவிட்டு நகர்ந்தது.

துல்லியம்.

யார் செய்தது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்க அஞ்சினார். தவறாக இருந்தாலும் என் கை வைத்த தவறாக இருக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்மேசையை இறக்கினார். கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினார்.

மறுநாள் காலையில் அது இடப்பக்கம் இருந்தது. அதற்கு மறுநாளும். அவர் கலைக்கக் கலைக்க அது சரியானது. பூட்டை மாற்றினார். சன்னலுக்கு ஆணி அடித்தார். தைல நெடி மட்டும் கூடிக்கொண்டே வந்தது. பிறகு ஒருநாள், ஓரமாகச் சாத்தியிருந்த மேசைப்பலகை, மேல்முகம் முழுக்க இழைக்கப்பட்டு, மெஷின்மேல் கிடந்தது. குழி இல்லை. அலை இல்லை. கூரையில் பதித்த கண்ணாடித் துண்டு வழியாக விழுந்த வெயில் அதில் தண்ணீர்போல நின்றது.

அந்த நேரம் பார்த்து மகள் வந்துவிட்டாள். பலகையில் உள்ளங்கையை வைத்து, முழு நீளத்துக்கும் தடவிக்கொண்டே போனாள். அவள் கண் நிறைந்தது.

"அப்பா, இது சித்தப்பா கை மாதிரியே இருக்கு."

இத்தனை வருஷம் காத்திருந்த பாராட்டும் அவன் பெயரில்தான் வந்தது.

"என் கைதாம்மா. அவனுக்குக் கத்துக்கொடுத்ததே நான்தானே?"

"உங்க கையா? நம்பவே முடியலப்பா."

"சத்தியமா என் கை. போதுமா?"

அவர்களுக்குப் பின்னால், மின்சாரம் இல்லாத மெஷினுக்குள், கத்தி உருளை ஒரு சுற்று சுற்றி நின்றது. மகள் கவனிக்கவில்லை. அவள் அப்பா தோளைத் தொட்டுவிட்டுச் சிரித்தபடி போனாள். அந்தச் சிரிப்பு பெரியவருக்குப் போதையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் கைப்பிடியைத் திருப்பவில்லை.

அடுத்த நாள் வானம் மூடிக்கொண்டு, பிற்பகலே அந்திபோல இருண்டு, தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. மனைவி வீட்டுக்குள் இருந்தாள். பெரியவர் மெஷினைப் போட்டார். மேசையின் கடைசிப் பலகையை முன்மேசையில் வைத்து, வழக்கம்போலத் தன் பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளத் தொடங்கினார்.

பலம் தேவைப்படவில்லை.

பலகை தானாக நகர்ந்தது. எதிர்ப்புறத்திலிருந்து யாரோ பதமாக வாங்கிக்கொள்வதுபோல. இரண்டு பேர் வேலை செய்யும்போது, ஒருவர் தள்ள மற்றவர் வாங்குவார்களே, அப்படி. எதிரே மரத்தூள் புகைபோல எழுந்து நின்றது. அதற்குள் யாரும் இல்லை. தூள் மட்டும் ஓர் இடத்தில் விழாமல், எதன்மேலோ படிந்துகொண்டிருந்தது. தோள் உயரத்தில்.

தைல நெடி மூக்கில் ஏறியது.

விட்டுவிடலாம் என்று நினைத்தார். கை விடவில்லை. இடக்கை தானாக முன்னால் போனது. அவர் ஒருநாளும் இடக்கையை முன்னால் வைத்ததில்லை. பலகை போய்க்கொண்டே இருந்தது. கூடவே கையும், கத்தியை நோக்கி. சீராக. மெதுவாக. கத்தியின் இரைச்சல் தாழ்ந்து, ரீங்காரமாகி, பாட்டாகி, நின்றது.

வலி இல்லை. ரத்தம் இல்லை. பலகை பின்மேசையில் பளபளவென்று கிடந்தது. எதிர்ப்புறம் வெறும் சுவர். பெரியவர் மூச்சு விட்டார்.

மழையில் தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு மனைவி டீயோடு வந்தாள். வாசலில் ஒரு கணம் தயங்கினாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்க்காமல், டம்ளரைச் சன்னல் திட்டில் வைத்தாள்.

"ஆறிடப்போகுது, எடுத்துக்கோங்க தம்பி. சர்க்கரை குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுப் பட்டறையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"உங்க அண்ணன் இங்கதானே இருந்தாரு? எங்க போனாரு?"

பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கினாள். டம்ளரைத் திட்டிலிருந்து எடுத்த தன் இடக்கையை அவர் குனிந்து பார்த்தார். மோதிரவிரல் முதல் கணுவோடு நின்றிருந்தது. வழுவழுப்பான, பழைய, என்றோ ஆறிப்போன தழும்பு.

வெளியே மழைக்குள் அவள் குரல் வீட்டைச் சுற்றிவந்தது. என்னங்க. என்னங்க. எங்க இருக்கீங்க?

இங்கேதான் இருக்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தார்.

"அண்ணி" என்றது வாய்.