மாற்றாத தண்ணீர்

அன்று காலை வழக்கம்போல அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கீழ்த்தளத்து எலி அறைக்குப் போனேன். ஜன்னல் கிடையாது. மரத்தூளும் மூத்திரமும் கலந்த நாற்றம். பழகிவிட்டது என்று அங்கே எல்லோரும் பொய் சொல்வோம்.

என் வேலையைக் கேட்டால் காறித் துப்புவீர்கள். தண்ணீர் நிரப்பிய உயரமான கண்ணாடி ஜாடியில் எலியைப் போட்டு ஆறு நிமிடம் பார்க்க வேண்டும். நீந்தினால் அதற்குத் தெம்பு இருக்கிறது. கைகாலை விட்டுவிட்டு மிதந்தால் மனச்சோர்வு. காளானிலிருந்து எடுத்த ஒரு மருந்து, கண்ணுக்கு மாயக்காட்சி காட்டுகிற வகை. அதைக் கொடுத்த எலிகள் கூடுதல் நேரம் நீந்தினால், அடுத்து மனிதர்களுக்குக் கொடுப்பார்கள்.

அந்த மனிதர்களின் பட்டியலில் முதல் ஆள் என் தம்பி. இரண்டு வருடமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். இந்த மருந்தும் இல்லையென்றால் அவன் பிழைக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு எலிக்கும் தண்ணீரை மாற்றுவது சட்டம். முன்னால் நீந்திய எலியின் பயம் தண்ணீரில் கரைந்து நிற்கும். அடுத்த எலி அதை மோந்துவிட்டுப் பயத்திலேயே நீந்தும்.

மருந்து கொடுக்காத எலிகளை முறைப்படி முடித்தேன். மருந்து கொடுத்த ஏழு பாக்கி. புரொபசர் கதவருகே வந்து நின்றார்.

"இன்னுமா முடியல? ரெண்டு மணிக்கு கமிட்டி. அங்க போய் நான் பேந்தப் பேந்த முழிக்கவா?"

"தண்ணி நிரம்ப நேரமாகுது சார்."

"அது உங்க பாடு."

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. ஏழு எலிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தண்ணீரில் விட்டேன்.

நீந்தின. அப்படி நீந்தி நான் பார்த்ததே இல்லை. ஏழாவது எலியை எடுத்துத் துண்டில் வைத்தேன். மூக்கை மேலே தூக்கியபடி காய்ந்த துண்டிலும் நீந்தியது.

சாயங்காலம் செத்தது.

செத்த பிறகும் அதன் கால்கள் நிற்கவில்லை.

புரொபசர் கமிட்டியில் கைதட்டு வாங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தம்பிக்கு மருந்து கிடையாது. அவனுக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். எனக்கு வெட்கமே இல்லை.

மூன்று மாதம் கழித்து அவனுக்கும் இன்னும் நால்வருக்கும் மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலை நான் வார்டுக்குப் போனபோது தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் புரொபசர். "நேத்துலேருந்து ஒரு நிமிஷம் சும்மா இல்ல. என்ன உற்சாகம்!"

கிட்டே போனேன். ஈர எலியின் வாடை அடித்தது.

போர்வைக்கு அடியில் அவன் கால்கள் அசைந்துகொண்டிருந்தன. மாறி மாறி. வேகமாக.

பக்கத்துக் கட்டிலின் போர்வையும் அசைந்தது.

அதற்கடுத்ததும்.

"சார், நிறுத்துங்க. மருந்து கொடுத்த எலிங்களுக்கு நான் தண்ணிய மாத்தவே இல்ல."

புரொபசர் என்னை முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாசம் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? உள்ள போனத வெளிய எடுக்க முடியுமா? எலிக் கணக்கு எழுதின காகிதத்துல கையெழுத்து உங்களோடது. ஞாபகம் இருக்கட்டும்."

போய்விட்டார்.

தம்பி கட்டிலைவிட்டு இறங்கினான். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் எதிரில் நின்றான். முகவாயை உயர்த்தி, மேலே பார்த்தபடி மூச்சு வாங்கினான். உதடு நீலம் பாரித்திருந்தது. என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா செய்யுது? அக்காகிட்ட சொல்லுடா."

"விட்டுராதக்கா," என்றான், காதோடு காதாக. "கால் தரையில படவே மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். அவனுடைய இரண்டு பாதங்களும் தரையில்தான் இருந்தன.