பதில் வந்தால் மூடலாம்

சுக்கான் அசைந்தது.

வெளியே ஆடிக் காற்று தேரி மேட்டின் செம்மணலை அள்ளித் தகரச் சுவர்களில் வீசிக்கொண்டிருந்த வரைக்கும் எலியேசர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடமாகப் பறக்காத விமானம். அதன் வாலில் செங்குத்தாக நிற்கும் சுக்கான், ஓட்டைக் கொட்டகைக்குள் நுழைகிற காற்றுக்கு ஆடத்தான் செய்யும். ஆனால் நாலரை மணிக்குக் காற்று ஒரேயடியாக விழுந்துவிட்டது. பனையோலைகளின் சலசலப்பு நின்றது, தகரத்தில் மணல் உரசுவது நின்றது. அந்த அமைதியில் சுக்கான் இரண்டு விரற்கடை இடப்பக்கம் திரும்பி, சற்று நின்று, பழையபடி நேரானது. வாலுக்குள் ஓடும் இரும்பு வடங்களின் மேல் படுத்திருந்த யாரோ ஒருக்களித்துத் திரும்பியது போல.

மரநாயாக இருக்கும் என்று நினைத்தான். மறுபடியும் சுரண்டத் தொடங்கினான்.

மதியத்திலிருந்து அதுதான் வேலை. வாலின் மேல் பூசியிருந்த வெள்ளைப் பெயிண்டை பிளேடால் சுரண்டினான். வெள்ளைக்கு அடியில் சாம்பல் நிறம், அதற்கடியில் வெறும் அலுமினியம். வாலில் இருந்த விமான எண்ணை அமிலம் போட்டு அழித்துவிட்டுத்தான் பூசியிருந்தார்கள். கதவோரத்தில் இருக்க வேண்டிய, எண் பொறித்த தகட்டையும் பெயர்த்திருந்தார்கள். நாலு துளைகள் மட்டும் மிச்சம். எஞ்சின்களை எந்தக் காலத்திலோ பழைய இரும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிளேடு இரண்டாவது தடவை விரலைக் கிழித்தபோது எலியேசர் அதைத் தரையில் வீசி எறிந்தான்.

அவனுக்கு வேண்டியது மூன்றே மூன்று இலக்கம். 647.

பதினோரு வருடமாக அந்த எண்ணைத் தேடுகிறான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. விடுமுறைகளெல்லாம் பஸ்ஸிலும் பைக்கிலும் போயின. சேலம், நெய்வேலி, தஞ்சாவூர் என்று சின்ன விமான நிலையங்களின் முள்வேலிக்கு வெளியே நின்று, ஓய்வு கொடுக்கப்பட்ட படை விமானங்களின் வால் எண்களைத் தொலைநோக்கியில் படித்து நோட்டில் எழுதினான். காவலர்கள் துரத்தினார்கள். ஒரு ஊரில் அரை நாள் உட்கார வைத்து விசாரித்தார்கள். வீட்டில் மனைவி ரீபா சொன்னாள்: "அண்ணனைத் தேடுதேன்னு சொல்லிக்கிட்டு பழைய இரும்புக்குப் பின்னால அலையுதீக. ஒரு நாள் உங்களையும் எடைக்குப் போட்டிரப் போறாங்க."

போன வாரம் யாரோ ஒரு கல்யாண ஜோடியை டிரோன் வைத்து எடுத்த வீடியோ அவன் போனுக்கு வந்தது. செம்மண் தேரியில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஓடிவருகிறார்கள். படத்தின் மூலையில், உடைந்த கொட்டகையிலிருந்து ஒரு வெள்ளை வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. டகோட்டா விமானம், அவன் தேடும் அதே ரகம். சாத்தான்குளத்துக்குத் தெற்கே, போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுதளம். பிற்பாடு யாரோ விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தப் போவதாக வேலி போட்டு, நடத்தாமலே போயிருக்கிறார்கள். அவன் வீட்டிலிருந்து பைக்கில் ஒன்றரை மணி நேரம். சந்தோஷம் வரவில்லை. எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது.

அண்ணன் வேதநாயகம் தன் இருபத்துமூன்றாவது வயதில், 1987இல் காணாமல் போனான். ஓய்வு கொடுத்த படை விமானங்களை வாங்கி விற்கும் ஒரு வடநாட்டு நிறுவனத்தில் ஃபிட்டர். விலை உயர்ந்த கருவிப் பெட்டியோடு மெட்ராஸில் வைத்து ஓடிவிட்டான் என்று நிறுவனம் எழுதியது. போலீஸ் வந்து வீட்டைக் கலைத்துப் போட்டது. அப்பா சபையில் உபதேசியார். அன்றைக்கு ராத்திரி குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, பிள்ளைகள் பிறந்த நாள் எழுதியிருந்த வரிசையில் மூத்தவன் பெயரின் மேல் பேனாவை இழுத்தார். மை அடுத்த தாளுக்கும் ஊறியது. சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வேதாகமம் இப்போது எலியேசரிடம் இருக்கிறது. அண்ணன் திருடன் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தால் அந்த மைக்கறைக்கு மேலே பெயரைத் திரும்ப எழுத வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

அண்ணனின் கடைசிக் கடிதம் மனப்பாடம். இப்போது வேலை பார்ப்பது 647 என்ற டகோட்டாவில். சின்ன இடுக்குக்குள் ஆள் நுழைந்து வேலை பார்ப்பதால் அதன் வாயை அடைக்கும் தகட்டுப் பலகையை மூடுமுன் வெளியே இருப்பவன் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் மூன்று தட்டு தட்டுவான். மூன்று வந்தால் மூடக் கூடாது. பதினோரு வயது எலியேசர் அந்தக் கடிதம் வந்த வாரம் முழுக்க பீரோவுக்குள் ஒளிந்துகொண்டு, அம்மா தட்டுவதற்காகக் காத்திருந்தான்.

"கிடைச்சுதா அண்ணாச்சி?"

காவல்காரர் ஞானையா விமானத்தின் அடிவயிற்றுப் பக்கமாகக் குனிந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒரு கண்ணில் புரை.

"எங்க கிடைக்க? எல்லாத்தையும் அழிச்சு வச்சிருக்கானுவ!"

"கத்தாதிய. கத்தினாலும் கேக்காது. காது எனக்கு கல் குவாரியிலயே போச்சு, வெடி வச்சதுல. வாயைப் பைய அசைச்சுப் பேசுங்க, புரிஞ்சுக்கிடுவேன்."

எலியேசர் விமானத்தின் உள்ளே கை காட்டி, உதடுகளை அகலமாக அசைத்தான். கடைசியில் இருக்கிற பலகை. கழற்றிப் பார்க்க வேண்டும். பலகைகள் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் ஃபிட்டர்கள் விமான எண்ணை எழுதி வைப்பார்கள். அதை அழிக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

ஞானையா தலையை ஆட்டினார். "எதை வேணும்னாலும் பாருங்க. அந்தப் பலகையில மட்டும் கை வைக்காதிய. அது நான் மூடினது. பிளேனு வந்த அன்னைக்கு கம்பெனி ஆளுக என்னையக் கூலிக்குக் கூப்பிட்டாங்க. எப்பிடித் தட்டணும்னு ஒருத்தரு கையால செஞ்சு காட்டினாரு. தட்டினேன், தகரத்துல உள்ளங்கையை வச்சுப் பாத்தேன், பதில் வந்துது, மூடினேன். இன்னைக்கு வரைக்கும் தெனம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தட்டத்தான் செய்யுதேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? மூடினவன் நான்லா? சரியா இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

அவருடைய பேச்சில் எலியேசர் மனதில் நின்றது 'கை வைக்காதிய' மட்டும்தான். பதினோரு வருடமாக எல்லா வேலி ஓரத்திலும் கேட்ட அதே வார்த்தை. மேலும் கால் மணி நேரம் வாயை அசைத்துப் பார்த்தான். கிழவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். பொழுது சாயுது, கருக்கலுக்கு முன்னால கிளம்புங்க, மணல்ல வண்டி சறுக்கும் என்றார்.

எலியேசர் கிளம்பினான். கும்பிட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு பனங்காட்டுக்கு அப்பால் நிறுத்தி, கொட்டகையின் பின்பக்கத் தகரம் பெயர்ந்திருந்த இடைவெளி வழியாகத் திரும்ப உள்ளே நுழைந்தான்.

டகோட்டா வால் தரையில் பட, மூக்கைத் தூக்கி நிற்கிற விமானம். கதவு பின்பக்கம். உள்ளே போனால் தரை ஒரு மேட்டைப் போல மேலேறிப் போகும். வால் பக்கம் சரியும். இருக்கைகள் இல்லை. வௌவால் எச்சமும் பழைய எண்ணெயும் சூடான தகரமும் கலந்த நாற்றம். ஜன்னல்களில் மணல் அப்பியிருந்ததால் வெளியே இருந்த வெயில் உள்ளே துருவின் நிறத்தில் கசிந்தது. கடைசிச் சுவரில் இடுப்புயரத்துக்கு அந்தப் பலகை. பதினாறு திருகாணிகள்.

எல்லாமே துருப்பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவை திருப்புளிக்கு லேசாகத் திரும்பின.

பலகை கையோடு வந்தபோது உள்ளிருந்து ஒரு மூச்சுப் போலக் காற்று வெளிப்பட்டது. அதில் வௌவால் நாற்றம் இல்லை. வியர்வை. வேலை முடித்துவிட்டு இப்போதுதான் சட்டையைக் கழற்றிய ஆளின் வியர்வை.

பலகையைத் திருப்பி போன் வெளிச்சத்தில் பார்த்தான்.

647. கறுப்புப் பெயிண்டில், நாலின் கால் நீண்டு வளைந்து. அண்ணன் கையெழுத்து.

எலியேசர் அப்படியே உட்கார்ந்தான். அழுகை வருமென்று பதினோரு வருடமாக எதிர்பார்த்திருந்தான். வரவில்லை. ஏனென்றால் எண்ணுக்குக் கீழே தகடு முழுக்கக் குழிகள். உள்ளிருந்து சுத்தியால் அடித்தவை. பக்கத்தில் பக்கத்தில் மூன்று, இடைவெளி, மறுபடி மூன்று. மேல் வரிசைகள் மங்கிப் புழுதி ஏறியிருந்தன. கீழே வர வர வெளுத்தன. கடைசி மூன்றும் பளபளத்தன. விரல் வைத்தான். புழுதி இல்லை.

போக வேண்டும் என்று தோன்றியது. எண்ணைப் படம் பிடித்தாயிற்று, போய்விடலாம். ஆனால் எண்ணைக் காட்டினால் யார் நம்புவார்கள்? வெறும் எண் எப்படிச் சாட்சியாகும்? துளைக்குள் வெளிச்சம் அடித்தான். வால் ஒரு புனலைப் போலக் குறுகிக்கொண்டே போய் இருட்டில் முடிந்தது. அந்த இருட்டுக்கு முன்னால், வளையச் சட்டங்களுக்கு இடையே, பச்சை நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி.

கருவிப் பெட்டி.

தலையை நுழைத்து, தோளை நுழைத்து, வயிற்றால் ஊர்ந்தான். சட்டங்கள் விலா எலும்பில் குத்தின. இரண்டு பக்கமும் வடங்கள் அவனோடு உரசிக் கிறீச்சிட்டன. வெளியே சுக்கான் அசைந்திருக்கும். மூன்று ஆள் நீளம் போயிருப்பான். பெட்டியின் மூடியில் ஆணியால் கீறிய எழுத்து: வே.நா. திறந்தான். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வெள்ளையில் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே கருவியை வைத்திருந்தான் அண்ணன். வேலை முடிந்ததும் எது குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரிவதற்கான ஏற்பாடு. ஸ்பேனர்கள், இடுக்கி, அரம் எல்லாம் இருந்தன. திருடன் ஒன்றையும் விற்கவில்லை. எங்கேயும் போகவும் இல்லை.

ஒரே ஒரு உருவம் காலியாக இருந்தது. சுத்தி.

விமானம் லேசாகக் குலுங்கியது. யாரோ ஏறுகிறார்கள். செருப்புச் சத்தம். எலியேசர் போன் வெளிச்சத்தை அணைத்தான். கிழவரிடம் மாட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவர் போன பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியேறலாம்.

"எந்தப் பய இதைக் கழட்டிப் போட்டான்?" ஞானையாவின் குரல், தனக்குத்தானே. "கேக்க ஆளில்லைன்னு வந்து நோண்டுதானுவ."

பலகை தரையில் உரசியது.

பிறகு, டொக். டொக்.

இரண்டு தட்டு. மணி ஆறு.

தட்டினேன், பதில் வந்துது, மூடினேன்.

இப்போதுதான் அது அவனுக்குள் இறங்கியது. கையால் செய்து காட்டியிருக்கிறார்கள். காது கேளாதவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. மூன்று வந்தால் மூடக் கூடாது என்பதை, மூன்று வந்தால் மூடலாம் என்று. அண்ணன் சரியாகத் தட்டியிருக்கிறான். அலறியும் இருப்பான். கிழவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்.

எலியேசர் இரண்டு கைகளையும் மார்புக்கடியில் இறுக்கிக்கொண்டான். தட்டக் கூடாது. அசையவே கூடாது. பதில் வராவிட்டால் அவர் மூட மாட்டார். மூச்சை நிறுத்தினான்.

டொக். டொக். டொக்.

அவன் தட்டவில்லை.

அவன் முகத்துக்கு நேரே, வால் குறுகி முடிகிற இடத்திலிருந்து வந்தது. இரும்பில் இரும்பு பட்ட சத்தம். ஒரு முழத் தூரம் இருக்கும்.

வியர்வை நாற்றம்.

"சரி சரி" என்றார் ஞானையா.

எலியேசர் கத்தினான். தொண்டை கிழியக் கத்திக்கொண்டே பின்னோக்கி ஊர்ந்தான். சட்டை ஏதோ சட்டத்தில் மாட்டியது. இழுத்தான். கிழிந்தது. பின்னால், கால்மாட்டில் இருந்த மங்கல் வெளிச்சம் சதுரமாக இருந்து பட்டையானது. கோடானது. இல்லாமல் போனது. முதல் திருகாணி திரும்பும் சத்தம்.

குதிகால் பலகையில் பட்டது. உதைத்தான். உதைத்தான். உதைத்தான்.

"ஆச்சு, ஆச்சு. அவசரப்படாதிய. மூடத்தானே செய்யுதேன்."

இரண்டாவது ஆணி. மூன்றாவது. கிழவர் பொறுமையாகத் திருகினார். ஒவ்வொன்றையும் கடைசியில் ஒரு அரைச் சுற்று கூடுதலாக. எலியேசர் எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினான்கு. பதினைந்து.

பதினாறு.

செருப்புச் சத்தம் போனது. விமானம் ஒரு தடவை குலுங்கி நின்றது. வெளியே மறுபடியும் காற்று எழுந்து மணலைத் தகரத்தில் கொட்டத் தொடங்கியது.

போன் எங்கேயோ விழுந்திருந்தது. கைகளை இருட்டில் நீட்டித் துழாவினான். வெறும் தகடு. வடம். சட்டம்.

வடங்கள் கிறீச்சிட்டன. முன்னால் இருந்தது பைய நகர்ந்து அருகில் வந்தது. அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது. உள்ளங்கையில் எதையோ வைத்து, விரல்களைத் திரும்ப மூடியது.

சுத்தியின் மரப்பிடி. தேய்ந்து வழவழப்பாக.

இன்னும் சூடாக இருந்தது.