ஒரே மூச்சு

வியாரா தன் தங்கையின் வீட்டில் அவளுடைய கம்பளி உடைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறைச் சுவருக்குள் யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள்.

முதலில் வெந்நீர்க் குழாய் என்றுதான் நினைத்தாள். ரூசே நகரத்தில் பிப்ரவரி மாதம் எந்த வீட்டுக் குழாய்தான் முனகாமல் இருக்கிறது? மாலை நாலு மணிக்கே ஆற்றுப் பனிமூட்டம் ஏறி வந்து ஐந்தாம் மாடி ஜன்னலை அடைத்துவிட்டிருந்தது. ஜாடியில் ஊறிய முட்டைக்கோஸின் புளித்த வாடைக்கும், மூன்று வாரமாகத் திறக்காத அறையின் ஈர வாடைக்கும் நடுவே அந்த இழுத்தலும் விடுதலும், அயர்ந்து தூங்குகிறவரின் மூச்சைப்போல அவசரமில்லாமல் வந்துகொண்டே இருந்தன.

ஆனால் குழாய் ஓடுவது எதிர்ச்சுவரில். இந்தச் சுவருக்கு அப்பால் வீடே இல்லை. வெறும் வெளி.

“சுவத்துக்குள்ள இருக்குடி” என்று தங்கை ராலித்சா சொன்னதும் இந்த இடத்தைக் காட்டித்தான். பிளக் பாயிண்ட் ஓட்டைகளில்கூடப் பஞ்சை அடைத்து வைத்திருந்தாள். அவளை மருத்துவமனையில் சேர்த்தவள் வியாராதான். அன்று மருத்துவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்.

“உடம்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்மா. அதுக்காக இந்த நோய் உங்களுக்கும் வந்தே தீரும்னு இல்ல. வராமப் போனவங்க நிறையப் பேர். சுபாவம், தூக்கம், வாழ்க்கைன்னு எவ்வளவோ இருக்கு. வராதுன்னு சத்தியம் பண்ணவும் என்னால முடியாது.”

வியாரா ‘சுபாவம்’ என்ற சொல்லை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கதவை அறைந்து சாத்தினால் கைக்குழந்தை ராலித்சா ஒரு மணி நேரம் வீறிடுவாளாம். பக்கத்தில் வியாரா கொட்டாவி விடுவாளாம். அம்மா சொல்லிச் சிரிப்பாள். பதினெட்டு வருஷமாக டிராலி பஸ் ஓட்டுகிறாள் வியாரா. பின்னால் குடிகாரர்கள் கட்டிப் புரண்டாலும் அவள் பஸ் தடம் மாறியதில்லை. பயந்தவளுக்குத்தானே இதெல்லாம் கேட்கும்?

கேட்டது.

எதிர்வீட்டு மித்கோவைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். சுவரில் காதை வைத்து நின்றார்.

“ஒண்ணும் கேக்கலையேம்மா. என் வயிறு கத்துறதுதான் கேக்குது.”

“நல்லாக் கேளுங்கண்ணே.”

அவர் சிரிப்பு நின்றது. அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “உன் தங்கச்சியும் இதே இடத்துலதான் என்னைக் கேக்கச் சொன்னா. இதே மாதிரி, கையைப் பிசைஞ்சுக்கிட்டு.”

வியாரா கைகளைச் சட்டென்று பிரித்துக்கொண்டாள். அவர் போனபின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கிளம்பிவிடலாம். பை தயார். ஆனால் எங்கே போனாலும் இந்தக் காது கூட வருமே. இந்த ரத்தமும் கூட வருமே.

சட்டென்று ஒன்று தோன்றியது. மூச்சைப் பிடித்தாள்.

சுவரும் நிறுத்தியது.

இருபது வரை எண்ணி மூச்சை விட்டாள். சுவரும் விட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். தன் மூச்சுதான்! வெற்று வீடு, எதிரொலி, அவ்வளவுதான். கண்ணீர் வருமளவு சிரித்துவிட்டு, மருத்துவமனைக்குப் போன் போட்டுத் தங்கையிடம் பேச வேண்டும் என்றாள்.

ராலித்சாவின் குரல் மருந்தில் சற்றுக் குழைந்திருந்தாலும் தெளிவாக இருந்தது. “எனக்கு இப்ப எதுவும் கேக்கலடி. நாலு நாளா நிம்மதியாத் தூங்குறேன். நீ எங்க இருக்க?”

“உன் சமையக்கட்டுல. அந்தச் சத்தம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டேன், ராலி. நம்ம மூச்சுதான் எதிரொலிக்குது. நான் நிறுத்தினா அதுவும் நிறுத்துது.”

மறுமுனையில் ராலித்சா எழுந்து உட்காரும் கட்டில் சத்தம் கேட்டது.

“உனக்கும் கேட்டுச்சா?”

“எதிரொலிதான்டி...”

“வியாரா, யோசிச்சுச் சொல்லு. நீ விட்டதும் அது விட்டுச்சா? இல்ல, அது விட்டதும் நீ விட்டியா?”

வியாரா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

சுவர் மூச்சை விட்டது. நீளமாக. கடைசிச் சொட்டு வரை.

அவள் நெஞ்சு அதோடு சேர்ந்து தாழ்ந்தது. காலியானது.

சுவரின் மூச்சு நின்றது.

இழுத்தாள். வரவில்லை. விலா அசையவில்லை. தொண்டை திறந்திருந்தது. அறை முழுக்கக் காற்று இருந்தது. உள்ளே வர மறுத்தது.

“வியாரா? பேசுடி. நர்ஸம்மா, யாராவது வாங்களேன்! வியாரா!”

போன் தரையில் கிடந்து கத்தியது. வியாரா மண்டியிட்டு, இரு கைகளையும் சுவரில் ஊன்றி, உதடு நீலம் பாரிக்க, வாயைப் பிளந்தபடி காத்திருந்தாள்.

சுவர் இன்னும் மூச்சை இழுக்கவில்லை.