மயிலையின் சாணம்

அன்று காலை செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குகைத் தொழுவத்தில் இருந்தவர்கள்: மாட்டுப் பொறுப்பாளர் வேலாத்தாள், அவள் கணவன் பொன்னய்யன், குடலறி என்னும் வைத்திய எந்திரம், ஒன்பது பசுக்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், தனியறையில், பதினோரு கன்றுகள். அந்தக் கிரகத்தில் வேறு மாடு கிடையாது.

குடலறி ஒவ்வொரு பசுவின் பின்னாலும் நின்று, கையைத் தோள்வரை உள்ளே விட்டுக் குடல் சுவரைத் தடவியது. பசுக்கள் அசைபோடுவதை நிறுத்தவில்லை. ஒரு மாடு முடிந்ததும் கையுறையை எரித்துப் புதியதை மாட்டிக்கொண்டது. ஆறாவதாக நின்ற மயிலையிடம் மட்டும் கை எட்டு நிமிடம் தங்கியது.

"மயிலைக்குக் குடல்தடிப்பு நோய்."

"அட போ வைத்தியரே! நேத்துக்கூட இருவது லிட்டர் கறந்தா. எப்படிக் கொழுகொழுன்னு நிக்கறா பாரு," என்றாள் வேலாத்தாள்.

"இன்னும் இரண்டு வருடம் அப்படித்தான் நிற்பாள். பிறகு கழிச்சல் தொடங்கும். எவ்வளவு தின்றாலும் இளைப்பாள். மருந்து கிடையாது. கிருமி சாணத்தில் வெளிவரும். அது வாயில் பட்டால் கன்றுகளுக்கும் வரும்."

வேலாத்தாள் கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். கன்றுகளும் போய்விட்டால் இங்கே பால் என்பதே இராது.

மயிலையைத் தனிமை அறைக்குள் விட்டபின், குடலறி தன்னை நீராவியில் கழுவிக்கொண்டு கன்றறைக்குள் போனது. பொன்னய்யன் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றான். குடலறி ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியது.

"பதினொன்றும் சுத்தம். ஆனால் ஒரு வருடத்துக்குத் தினமும் பார்க்க வேண்டும்."

பொன்னய்யன் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். "நீங்க இல்லாட்டி எங்க கதி என்னாயிருக்குங்க, சாமி!"

வேலாத்தாள் அழவில்லை. உள்ளே ஓடி ஒரு குண்டாவோடு வந்தாள். குடலறியின் தலையில் மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பிறகு குண்டாவிலிருந்ததை இரு கையாலும் அள்ளி அதன் தோள், முழங்கை, விரலிடுக்கு எல்லாம் பூசி மெழுகினாள். அவ்வளவு அன்பாக அதை யாரும் தொட்டதில்லை.

"இது என்ன?"

"சாணிங்க. நம்ம மயிலையோடதுதான். அவ கன்னும் அங்கதானுங்களே இருக்குது, அவளும் நன்றி சொல்ல வேண்டாமா?"

"சாணத்தில்தான் கிருமி என்றேனே."

"அதெல்லாம் மத்த சாணிக்குங்க. பூசறப்ப இது சுத்தம். கிருமியக் கொல்றதே சாணிதானுங்களே!"

விண்கலத்தில் ஏறும்போது ஊசி முதல் உப்பு வரை எல்லாவற்றையும் எடை போட்டார்கள். இந்த நம்பிக்கைக்கு எடை இல்லாததால் தப்பி வந்துவிட்டது.

"மூட்டுக்குள் போய்விட்டது. கழுவினாலும் போகாது," என்றது குடலறி. "இனி நான் கன்றுகளிடம் போகக் கூடாது."

"அப்போ நாளைக்கு ஆருங்க பாக்கறது?"

"அடுத்த குடலறி பூமியிலிருந்து வர இருபத்தாறு மாதம் ஆகும். அதுவரை பார்க்க ஆள் இல்லை."

வேலாத்தாள் முந்தானையால் அதன் தோளைத் துடைக்கப் போனாள். குடலறி அவளைக் குறை சொல்லவில்லை. மஞ்சளும் குங்குமமுமாகத் தனிமை அறையை நோக்கி நடந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் கணவனும் மனைவியும் கைகூப்பினார்கள். அது உள்ளே போய் மயிலையின் பக்கத்தில் நின்றது. கதவு சாத்திக்கொண்டது, பூட்டு தானாக விழுந்தது.