வராதவளுக்குக் கொடுத்த குரல்

“நான் வகுப்புக்குப் போனேன்கா—”

“போகலைன்னுதானே ஆபீஸ்லேர்ந்து எழுதியிருக்காங்க—”

“முன்வரிசையில, அந்த வாத்தியார் மூக்குக்கு நேரா உட்கார்ந்திருந்தேன்—”

“அப்ப அந்த ஆளுக்குக் கண்ணு தெரியாதா? இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா விசாவை ரத்து பண்ணிடுவாங்கடி! பெட்டியைத் தூக்கிட்டு நீ போயிடுவ. சித்தப்பா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

பெரியம்மா மகள் என்பதால் அக்கா. இருவருக்கும் ஒரே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்; அவளுக்கு மேற்படிப்பு. எதற்கெடுத்தாலும் விதி பேசுவாள் என்பதால் குடும்பத்தில் அவளுக்குச் ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். இவள் ‘வாலு’. பொருளாதார இளங்கலை, முதலாண்டு. வகுப்புக்கு வராத வெளிநாட்டு மாணவியை அந்த நாடு அதிக நாள் வைத்துக்கொள்ளாது.

வாலு கட்டிலில் உட்கார்ந்தாள்.

“சொன்னா சிரிப்ப.”

“சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்? சொல்லித் தொலை.”

“பேர் கூப்பிடுறப்ப ஒரு பொண்ணு வரல. நம்ம பக்கத்துப் பேர் மாதிரி இருந்துச்சு. பாவம், இவளுக்கும் விசா போயிடுமேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நானே ‘இருக்கேன்’னு குரல் குடுத்துட்டேன்.”

“ப்ராக்ஸியா? கடல் தாண்டி வந்துமா இந்தப் புத்தி?”

“ஊர்ல உனக்கு யாருமே குடுக்கலையாக்கும்!”

வாலு மெதுவாக மிச்சத்தைச் சொன்னாள்.

அடுத்த வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. அந்தப் பெயர் மறுபடியும் கூப்பிடப்பட்டது. வலப்பக்கத்துக் காலி நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

“இருக்கேன்.”

வாலுவின் குரல்தான். தலையைக் குனிந்துகொண்டு அவள் சொன்ன அதே குரல், அதே தயக்கம். ஈரத்துணியைப் பைக்குள் போட்டு நாள்கணக்கில் மறந்துவிட்டால் எழும் ஒரு வாடை மூக்கில் ஏறியது. நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள்.

நனைந்திருந்தது.

பிறகு அவள் பெயர் வந்தது. “இருக்கேன்” என்றாள். கையைத் தூக்கினாள். எழுந்தே நின்றாள். ஆசிரியர் சுவரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லா வகுப்பிலும் இதேதான்.

“அந்தப் பேர் என்ன?” என்றாள் அக்கா.

வாலு காதருகே போய்ச் சொன்னாள்.

அக்கா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். “இனிமே அதைச் சொல்லாத.”

“யாருக்கா அவ?”

“போன வருஷம் இதே படிப்பு படிச்சவ. காய்ச்சல்ல வேர்த்து நனைஞ்சு ரூமுக்குள்ளயே விழுந்து கிடந்திருக்கா. கூடப் படிச்சவங்க, விசா போயிடக் கூடாதேன்னு வகுப்புக்கு வகுப்பு குரல் குடுத்திருக்காங்க. பொண்ணு ஒழுங்கா வருதுன்னு ஆபீஸ்ல நெனச்சுட்டாங்க. யாரும் தேடல. கதவை உடைச்சப்ப…”

“போதும்கா.”



“நான் நல்லதுதானே நெனச்சேன்?”

“அவங்களும் அதையேதான்டி நெனச்சாங்க.”

மறுநாள் அக்காவும் வகுப்புக்கு வந்தாள். “என் கண்ணு முன்னாடி உன்னைக் குறிக்காம விடட்டும், பார்த்துக்கறேன்” என்று வாலுவின் இடப்பக்கம் உட்கார்ந்தாள். வலப்பக்கம் காலி.

அன்றைய பாடம் வேலையின்மை. வேலை தேடித் தேடி அலுத்து, தேடுவதையே நிறுத்தியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்றார் ஆசிரியர். இருக்கிறார்கள், ஆனால் எந்தப் பக்கமும் எண்ணப்படுவதில்லை. மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரவாடை நெருங்கி வந்து வாலுவின் தோளோடு தோளாக உட்கார்ந்தது.

வகுப்பு முடியும் நேரம். பெயர்கள் தொடங்கின.

அந்தப் பெயர்.

“இருக்கேன்.”

அக்காவுக்கும் கேட்டது. வாலுவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து வாலுவின் பெயர்.

“இருக்கேன்!” என்று கத்தினாள் வாலு.

யாரும் திரும்பவில்லை.

மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. பயத்தில் உதறிய கையல்ல. எதைப் பிடித்திருக்கிறோம் என்பதே மறந்துபோன கை.

“இருக்கேன்” என்றது வலப்பக்கம், சாவகாசமாக.

ஆசிரியர் தலைநிமிர்ந்து அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். குறித்துக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். வாலுவின் முழங்காலைக் காலி இடத்தைக் கடப்பதுபோல் கடந்து, வலப்பக்க நாற்காலியின் முன் போய் நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“பார்த்தியா, குறிச்சுட்டாரு. இதுக்குப் போயா அவ்வளவு பயம்? எழுந்திரு வாலு, சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லிடலாம். ஐயே, ஏன்டி உன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

இருவரும் கதவை நோக்கி நடந்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

“அக்கா… நான் இங்க இருக்கேன்கா.”